பேயில் வேலை கிடைத்தவன்

“இதனால் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் சகல குடிமக்களுக்கும், சுற்றியுள்ள கடலில் வசிக்கும் இதர ஜீவராசிகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் இயங்கிவரும் பெரியதம்பி துப்பறியும் நிலையம் இன்று முற்பகல் முதல் சர்வதேச நிறுவனமாக உயர்ந்திருக்கிறது!”

அறிவித்தவர் நிலையத்தின் நிறுவனர், தலைவர், தலைமைத் துப்பறிவாளர் ஆகிய மூன்று பதவிகளையும் ஒரே சட்டைக்குள் அடக்கிவைத்திருந்த பெரியதம்பி. கேட்ட சகல குடிமக்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருத்தி, உதவியாளர் விஜயகுமாரி. இன்னொருத்தி, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த புஷ்பா. இதர ஜீவராசிகளின் சார்பில் சுவரில் ஒரு பல்லி கலந்துகொண்டது.

“கைதட்டணுமா சார், இல்ல மனசுக்குள்ள தட்டிக்கிட்டா போதுமா?” என்றாள் விஜயகுமாரி.

“குற்றவாளி அமெரிக்காவுல இருக்கான் விஜயா. நாம இங்க இருக்கோம். நடுவுல ரெண்டு சமுத்திரம். இதுக்குப் பேரு சர்வதேசம் இல்லாம வேற என்ன?”

“குற்றவாளின்னு சொல்லாதீங்க ஐயா,” என்றாள் புஷ்பா. “என் தம்பி.”

பெரியதம்பி உடனே முகத்தை இறக்கிக்கொண்டார். அவருக்கு வாய் நீளமே தவிர நெஞ்சு கெட்டவரல்ல. நிலையம் இதுவரை கண்டுபிடித்தவை, காணாமல்போன இரண்டு ஆடுகளும் காணாமல்போக விரும்பிய ஒரு கணவரும்தான். அப்படிப்பட்டவருக்கு அமெரிக்கா என்ற சொல் காதில் விழுந்தால் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும் என்று விஜயகுமாரி மன்னித்துவிட்டாள்.

புஷ்பாவின் கதை இது. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக் குடும்பம். இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். தாய் தகப்பன் போன பிறகு தம்பி சுரேந்திரனை வளர்த்தது அவள்தான். இப்போது போர்ட் பிளேரில் ஒரு அரசு அலுவலகத்தில் தினக்கூலி ஊழியர். நிரந்தரமாக்கப்போகிறார்கள் என்று பேச்சு. அந்தப் பேச்சிலேயே அவளுக்குத் தலைநரைத்துவிட்டது. இந்த முறை நிஜமாகவே கோப்பு நகர்ந்திருக்கிறதாம்.

தம்பி, சென்னையிலிருந்து நடத்தப்படும் ‘கோட்மோட்சா’ என்ற இணையவழிப் பள்ளியில் கணினி நிரல் எழுதப் படித்தான். படிக்கும்போது காலணா கட்ட வேண்டாம். வேலை கிடைத்து, சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் மட்டும், அதில் ஒரு பங்கைச் சில வருஷங்களுக்குப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டும். தாண்டாவிட்டால் எதுவும் தர வேண்டாம். இதைக் கட்டணம் என்று சொன்னால் பள்ளிக்குக் கோபம் வரும். ‘உங்கள் வெற்றியில் நாங்களும் பங்காளி’ என்பதுதான் அவர்களுடைய விளம்பரம். தமிழில் பங்காளி என்றால் வரப்புத் தகராறில் மண்வெட்டியோடு வருகிறவன் என்பதை விளம்பரம் எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்து புஷ்பாவுடையது.

“நேத்து போன்ல அவங்க நோட்டீஸ் வந்துச்சுங்க. ஓங்க தம்பி அமெரிக்காவுல பே ஏரியாங்கிற எடத்துல வேலையில இருக்கான், சம்பளத்த மறைக்கிறான், இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நீங்க பங்கு கட்ட ஒத்துக்கலன்னா ஓங்க ஆபீஸ் பெரியவருக்கே எழுதுவோம்னு. என் பேர்ல ஒரு புகார் போனா போதுங்க ஐயா, லிஸ்ட்ல இருந்து அடிச்சிருவாங்க. இத்தன வருஷமா பெருக்கித் துடைச்சது, பைல் தூக்குனது எல்லாம் போச்சு.”

“தம்பிகிட்டப் பேசினீங்களா?”

“சண்ட போட்டுக்கிட்டுப் போனான். வேலை கெடைக்காம மூலையில குந்திக் கெடக்கியேடான்னு வாய் தவறி ஒரு வார்த்த சொல்லிட்டேன். பெட்டியத் தூக்கிட்டுப் போனவன்தான். போன் அடிச்சா சுவிட்ச் ஆஃப்பு.” புஷ்பா மறுபடி மூக்கைத் துடைத்தாள். “வேலை போனாக்கூடத் தாங்கிக்குவேன். அமெரிக்கா போறேன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டானே, அதத்தான் தாங்க முடியல.”

பெரியதம்பி எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். ஆழ்ந்து யோசிக்கும்போது அவர் அங்கேதான் நிற்பார். கீழே பானிபூரி வண்டி தெரியும்.

“கலிஃபோர்னியாவுல நமக்கு ஆள் யாரு இருக்கா?”

“சார், இங்க வடக்க இருக்கிற டிக்லிபூர்லயே நமக்கு ஆள் இல்ல.”

“அப்ப உள்ளூர்ல ஆரம்பிப்போம். கூடப் படிச்சவன் யாராவது?”

“பெரார்கஞ்ச்சுல நந்தகுமார்னு ஒரு பையன். ரெண்டும் ஒண்ணாத்தான் அதுல சேந்துச்சுங்க,” என்றாள் புஷ்பா.

“சலோ,” என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள் விஜயகுமாரி. “அஞ்சு மணிக்குள்ள அமெரிக்கா போய்ட்டு வரணும்.”

புஷ்பா அலுவலகத்தில் முகத்தைக் காட்டிவிட்டு மாலையில் வருவதாகச் சொல்லிப் போனாள்.

சாத்தம் படகுத்துறையில், ஊர்வாயில் சொன்னால் ஜெட்டியில், வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஃபெரி வரவில்லை. எப்போது வரும் என்று கேட்டதற்கு, அங்கிருந்த ஊழியர் “ஆயேகா” என்றார். வரும். அதற்கு மேல் அவரை எந்தத் துப்பறிவாளராலும் பேசவைக்க முடியாது. பெரியதம்பி ஜெட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டினார். காதில் வைத்துப் பார்த்தார்.

“அவன் அமெரிக்காவுல இருந்தா எப்படிப் பிடிப்பீங்க சார்?”

“இன்டர்போல்.”

“அவங்க நம்பர் இருக்கா?”

“நீ ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்கான்னு பாரு.”

ஃபெரி வந்தது. இரண்டு லாரிகளுக்கும் ஒரு ஜல்லி டிப்பருக்கும் நடுவில் ஸ்கூட்டரைச் செருகினாள். பாம்பூஃபிளாட்டில் இறங்கி, வளைந்து வளைந்து போகும் சாலையில் அவள் ஓட்டிய ஓட்டத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த தலைமைத் துப்பறிவாளர் வழிநெடுக ஒரு விசாரணையும் நடத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

பெரார்கஞ்ச்சில் நெல்வயல் ஓரமாக ஒரு கோழிப்பண்ணை. இவர்கள் வண்டியை நிறுத்தியதும் உள்ளேயிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். பெரியதம்பியின் கறுப்புக் கண்ணாடியையும் கையிலிருந்த தோல்பையையும் பார்த்த அடுத்த நொடி தீவன மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்தான்.

“நான் கோழிதான் வளக்கறேன்!” என்று மூட்டை பேசியது. “கசம் சே, சத்தியமா கோழிதான்! வேற சம்பளம் ஒண்ணும் இல்ல! வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க!”

“நந்து, வெளிய வா. நாங்க கோட்மோட்சா இல்ல,” என்றாள் விஜயகுமாரி.

தலை மட்டும் வெளியே வந்தது. “பின்ன இந்த அங்கிள் ஏன் வசூல் ஆள் மாதிரி இருக்காரு?”

“அவர் முகவெட்டு அது. நாங்க துப்பறியும் ஆளுங்க. சுரேனோட அக்கா புஷ்பா தீதி அனுப்பிச்சாங்க.”

நந்தகுமார் வெளியே வந்து உடம்பிலிருந்த தவிட்டைத் தட்டினான். அவனும் அதே பள்ளியில் படித்தவன். படிப்பு முடித்ததற்கு அடையாளமாக ஒரு மடிக்கணினி, கோழிக்கு மருந்து கலக்கும் மேஜையின் ஆடும் காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்து நின்றது. பெரியதம்பி தொண்டையைக் கனைத்தார்.

“சுரேந்திரன் எங்கே இருக்கிறான் என்பது உனக்குத் தெரியும். மறைக்காதே.”

“எதுக்கு மறைக்கணும்? சுரேன் பேயில இருக்கான்.”

பெரியதம்பி விஜயகுமாரியின் பக்கம் வெற்றிப் பார்வை ஒன்றை வீசினார். “ஒப்புக்கொண்டான். பே ஏரியா!”

“ஏரியான்னா…” நந்தகுமார் தலையைச் சொறிந்தான். “பதினோரு கிலோமீட்டர் பக்கம் ரூம் எடுத்திருக்கான்னு கேள்வி.”

“பதினோரு கிலோமீட்டரா? எங்கேயிருந்து?”

“ஜெட்டியில இருந்து.”

“அமெரிக்காவில் ஜெட்டி ஏது?”

விஜயகுமாரிக்கு அப்போதே சிரிப்பு கிளம்பிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பத்திருபது கோழிகள் பயந்து இறக்கையடித்தன.

“சார்… பேன்னா ஹட் பே சார்! லிட்டில் அந்தமான்! அங்க ஊருக்கெல்லாம் பேரே கிலோமீட்டர்தான்!”

“ஆமா, ஹட் பே. வேற எந்த பே?” என்றான் நந்தகுமார்.

தீவில் ‘பேயில வேலை’ என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி ‘கப்பல் டிக்கெட் கெடைச்சுதா’ என்பதாகத்தான் இருக்கும். விசா பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். நந்தகுமார் தன் போனில் சுரேந்திரன் வாட்ஸப்பில் வைத்திருந்த ஸ்டேட்டஸை எடுத்துக் காட்டினான். அது மறைவதற்கு முன்பே அவன் படமெடுத்து வைத்திருந்தான். மூட்டைகளுக்கு முன்னால் சுரேந்திரன் கட்டைவிரலைத் தூக்கி நிற்கிறான். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: பேயில் வேலை கிடைத்துவிட்டது, வாராவாரம் ஷிப்.

“ஷிப்னா?”

“கப்பல் சார். போர்ட் பிளேர்லருந்து வர்ற கப்பல்ல இருந்து முட்டை, உருளைக்கிழங்கு எல்லாம் எறக்குறான். ஒரு யாவாரிகிட்ட கூலிக்கு. ஆனா எங்க கோடிங் சார்மாருங்க, எழுதுன புரோகிராம வெளிய விடறதயும் ஷிப் பண்றதுன்னுதான் சொல்லுவாங்க. பே ஏரியாங்கிறது கம்ப்யூட்டர்காரங்களுக்கு அமெரிக்காவுல ஒரு புண்ணிய ஸ்தலம். ரெண்டயும் சேத்துப் படிச்சா…”

“வாராவாரம் அமெரிக்காவுல புரோகிராம் வெளிய விடறான்னு ஆயிடும்,” என்றாள் விஜயகுமாரி. “முட்டை எறக்குறவன.”

“அப்புறம் ஏன் அக்காவோட போனை எடுக்கல?” என்றார் பெரியதம்பி.

“அக்கா போன்னு எப்படித் தெரியும்? சிம்மயே கழட்டிட்டான். கோட்மோட்சாலருந்து காலைல, மத்தியானம், ராத்திரின்னு அடிக்கிறாங்க. எனக்கும்தான். யாவாரி கடை வைஃபையில எப்பவாச்சும் வாட்ஸப் பாப்பான். அக்கா வாட்ஸப்புல எழுதிப் பாக்கலாமில்ல?”

“சண்டை போட்டவங்க யாரும் மொதல்ல எழுதமாட்டாங்க நந்து.”

திரும்பும் வழியிலும் பெரியதம்பி கண்ணை மூடிக்கொண்டே வந்தார். சர்வதேச நிறுவனம் ஒரே மத்தியானத்தில் மீண்டும் மாவட்ட நிறுவனமாகச் சுருங்கியதை ஜீரணிக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. ஃபெரியில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“கேஸ் முடிஞ்சுது. சென்னையில உட்கார்ந்திருக்கிற ஒருத்தனுக்கு ஹட் பே தெரியல. பேன்னதும் அமெரிக்கான்னு நினைச்சுட்டான். தப்பு. மனுஷத் தப்பு. எடுத்துச் சொன்னா கேட்டுப்பான்.”

“கேட்டுப்பானா?” விஜயகுமாரிக்கு ஏனோ கால் தரையில் நிற்கவில்லை. ஃபெரியின் ஓரக் கம்பியில் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். கடலின் மேல் வெயில் அதற்குள் மஞ்சளாகிவிட்டது. டிசம்பரில் இந்த ஊரில் சூரியனுக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும்.

துப்பறியும் நிலையத்தில் புஷ்பா ஏற்கெனவே காத்திருந்தாள். விஷயத்தை முழுதும் கேட்டாள். பிறகு “ஹட் பேயிலயா?” என்றாள். பிறகு, “முட்டையா?” அதற்கப்புறம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று விஜயகுமாரி உற்றுப் பார்த்தாள். இரண்டும்தான்.

“ஒரு ராத்திரிக் கப்பல் தூரத்துல இருந்துக்கிட்டா என்னய இப்பிடி அழ வச்சான், பாவிப் பய.”

“அப்புறம் கொஞ்சலாம். அஞ்சு மணியாகப் போகுது. நோட்டீஸ் அனுப்பினவனைக் கூப்பிடுங்க,” என்றார் பெரியதம்பி.

புஷ்பாவின் போனிலிருந்து வீடியோ அழைப்புப் போனது. திரையில் ஓர் இளைஞன் தோன்றினான். கழுத்தில் டை. பின்னால் வானளாவும் கண்ணாடிக் கட்டடங்கள். அவன் தலையை ஆட்டும்போதெல்லாம் ஒரு காது கட்டடத்துக்குள் போய்விட்டு வந்தது.

“ஹலோ, ஐ ஆம் சென். கோட்மோட்சா, குளோபல் அவுட்கம்ஸ் ஹெட். சென்னை ஹெட் ஆபீஸ்.”

“முழுப் பேரு?” என்றாள் விஜயகுமாரி.

அவன் சற்றுத் தயங்கினான். “செந்தமிழன்.”

“அடேங்கப்பா. இவ்வளவு நேரம் நீங்க பேசினதுல தமிழ்ச் சொல் அது ஒண்ணுதான்.”

பெரியதம்பி அவளைக் கையமர்த்திவிட்டு, விஷயத்தை விளக்கினார். ஹட் பே, கப்பல், முட்டை, உருளைக்கிழங்கு. செந்தமிழன் டையைச் சரிசெய்துகொண்டான்.

“ஹட் பேயா? அது என்ன, ரிசார்ட்டா? சாரி, நான் கேள்விப்பட்டதே இல்ல. எங்க சிஸ்டத்துல பேன்னு இருக்கு. டெக் ஃபீல்டுல பேன்னா உலகத்துல ஒண்ணுதான்.”

“தம்பி,” என்றாள் புஷ்பா, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. “என் தம்பி கூலி வேலைதான் செய்யிறான். நீங்க சொன்ன கோட்ட அவன் சம்பளம் தொடவே தொடாது. ஆபீசுக்கு மட்டும் எழுதிராதீங்க. என் பொழப்பே அதுலதான் இருக்கு.”

“மேடம், எமோஷனலா பேசாதீங்க. மெயின்லேண்ட்ல நாங்க இந்த மாதிரி வாய்ப்பேச்சுக்கெல்லாம் வேல்யூ குடுக்கறதில்ல. ப்ரூஃப் குடுங்க. இல்லன்னா அஞ்சு மணிக்கு மெயில் போயிடும்.”

சாய்ந்து உட்கார்ந்திருந்த பெரியதம்பி விருட்டென்று நிமிர்ந்தார். எட்டி, போனின் ஒலிவாங்கியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

“கேட்டியா விஜயா?”

“கேட்டேன். திமிரு.”

“திமிர் இல்ல. மெயின்லேண்ட்! நான் அருப்புக்கோட்டையில பொறந்து வளர்ந்தவன். முப்பது வயசு வரைக்கும் அங்கதான். அத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நான் மெயின்லேண்ட்ல இருக்கேன்னு எனக்குத் தெரியாது! இந்தத் தீவுல வந்து எறங்கினப்புறம் நீங்கள்லாம் சொல்லித்தான் தெரிஞ்சுது. சென்னையில இருக்கிறவன் சென்னைன்னு சொல்லுவான். ஊருன்னு சொல்லுவான். இங்கன்னு சொல்லுவான். மெயின்லேண்டுன்னு சொல்றவன் ஒருத்தன்தான். அங்க இல்லாதவன்!”

விஜயகுமாரி அவரை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவளுக்கு அது உறைத்திருக்கவே உறைத்திருக்காது. பிறந்ததிலிருந்து பேசும் சொல். ஆனால் புத்திசாலித்தனம் மட்டும் போதாதே. மனுஷன் திரைக்குள் இருக்கிறான். இங்கேதான் எங்கேயோ இருக்கிறான் என்றாலும், தீவு நீளமோ நீளம். மணியோ ஐந்தை நெருங்குகிறது.

அந்த நேரத்தில், துப்பறியும் துறைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத மின்சாரத் துறை உதவிக்கு வந்தது.

தலைக்கு மேல் மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. அதே நொடியில் போன் திரைக்குள் தெரிந்த அறையிலும் வெளிச்சம் போயிற்று. சென்னையின் கண்ணாடிக் கட்டடங்கள் நடுங்கி, கலைந்து, காணாமல்போயின. அங்கே ஒரு கொடிக்கயிறும் அதில் காயும் இரண்டு துண்டும் அரைகுறையாகத் தெரிந்தன. போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“டேய் செந்தமிழா! கரண்டு போச்சு, ஜென்செட்டப் போடு! மசாலா மிக்ஸியில பாதியில நிக்குது!”

செந்தமிழனின் முகம் இருட்டுக்குள் எழுந்து ஓடியது. அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டான். அறையில் மூவரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள்.

போனில் ஜெனரேட்டர் இருமியது. டுக்… டுக்… நின்றது.

ஜன்னலுக்கு வெளியே, எங்கேயோ பின்தெருவில், டுக்… டுக்… நின்றது.

“சென்னை ஹெட் ஆபீஸ்,” என்றாள் விஜயகுமாரி.

மாடிப்படியில் மூவரும் இறங்கிய வேகத்தில் கீழே பானிபூரிக்காரர் நிலநடுக்கம் என்று நினைத்து வண்டியைப் பிடித்துக்கொண்டார். புஷ்பாதான் முன்னால் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது. திரும்பிப் பார்க்கவில்லை. சந்து இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று காதைத் தீட்டினார்கள். இடது பக்கம் ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது இருமவில்லை, நல்ல ஆரோக்கியமாக இருந்தது. வலது பக்கச் சரிவில் ஒன்று மூன்றாவது தடவையாக டுக்கென்று முயன்று, டுடுடுவென்று பிடித்துக்கொண்டது.

“அந்தப் பச்சை கேட்!”

கேட்டைத் தட்டியதும் திறந்தது, கையில் மிக்ஸி ஜாடியோடு ஓர் அம்மாள்.

“வாங்க வாங்க. செந்தமிழனப் பாக்கவா? நான் அவன் அம்மா, ஒச்சம்மா. இருங்க, கூப்பிடறேன். அவனுக்கு மெயின்லேண்டுல பெரிய கம்பெனியில வேலை. வீட்டுல இருந்தே பாக்கறான். ஒரு நிமிஷம் ஓய்வில்ல புள்ளைக்கு. எந்நேரமும் யார்கிட்டயாவது இங்கிலீஷ்ல கண்டிச்சு பேசிக்கிட்டே இருப்பான்.”

பக்கத்துச் சாய்ப்பிலிருந்து கையெல்லாம் டீசல் மசியோடு செந்தமிழன் வந்தான். புஷ்பாவைப் பார்த்தான். அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். அதில் இன்னும் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்த டையை அவன் கை தானாகத் தளர்த்தியது.

“அம்மா, நீ உள்ள போ. ஆபீஸ்காரங்க.”

“டீ போடட்டுமா?”

“போடுங்கம்மா,” என்றாள் விஜயகுமாரி. “நாலு. உங்க மகனுக்குச் சக்கரை கொஞ்சம் கூட. இப்ப மயக்கம் வரும் அவருக்கு.”

ஒச்சம்மா உள்ளே போனதும் பெரியதம்பி தோல்பையைக் கீழே வைத்தார். அறிவிப்புக் குரல் இல்லை இப்போது. சாதாரணமாகத்தான் கேட்டார்.

“தம்பி, சென்னைக்காரன் ஒருத்தன் ஹட் பேயை அமெரிக்கான்னு நெனைச்சா அது முட்டாள்தனம். நான் மன்னிச்சுட்டுப் போயிருப்பேன். நீ இந்த ஊர்ல பொறந்தவன். பேன்னா எதுன்னு உனக்குத் தெரியும். கப்பல் எந்த ஜெட்டியில இருந்து கெளம்புதுன்னும் தெரியும். தெரிஞ்சே பண்ணியிருக்கே.”

“சிஸ்டம்தான் சார்…”

“சிஸ்டத்துக்கு ஜென்செட் போடத் தெரியுமா?” என்றாள் விஜயகுமாரி.

செந்தமிழன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். குளோபல் அவுட்கம்ஸ் ஹெட் போய், சாயங்காலம் மீன் வாங்கப் போகிற தெருப் பையன் ஒருவன் அங்கே மிஞ்சினான்.

“உண்மையான சம்பளத்தப் போட்டா கோட்டுக்குக் கீழ போயிடும் அக்கா. பங்கு கேக்க முடியாது. அமெரிக்கான்னு போட்டாத்தான் மேல ஏறும். அவன் ஸ்டேட்டஸ்ல பேன்னு பாத்தேன். பக்கத்துல ஏரியான்னு நான்தான் சேத்தேன்.”

“எதுக்கு? உனக்கு என்ன கெடைக்குது?” என்றார் பெரியதம்பி.

“நானும் அங்க படிச்சவன்தான். நானும் கையெழுத்துப் போட்டவன்தான். வருஷக்கணக்கா வேலை இல்ல. அப்புறம் அவங்களே கூப்பிட்டு இந்த வேலையக் குடுத்தாங்க. சம்பளத்தக் கோட்டுக்கு ஒரு விரக்கட மேல வச்சுக் குடுத்தாங்க. அதுலருந்து என் பங்கையும் பிடிச்சுக்கறாங்க. ஒரு ஆள வழிக்குக் கொண்டுவந்தா என் பங்குல ஒரு மாசம் தள்ளுபடி.”

“அப்போ சுரேன் உனக்கு ஒரு மாசம்,” என்றாள் விஜயகுமாரி. “நந்து கோழியோட சேத்து இன்னொரு மாசம்.”

புஷ்பா ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தாள். இப்போது ஒரு அடி முன்னால் வந்தாள்.

“அழி.”

“அக்கா, மேல இருக்கிறவங்க கேட்டா…”

“என் ஆபீஸ் பெரியவர் வீடு இதே எஸ்டேட்ல மேட்டுத் தெருவுலதான். நீ எழுதப் போற ஆளு அவர்தான? வா, லெட்டர் எதுக்கு? நேர்ல போவோம். நீ உன் கம்பெனியப் பத்திச் சொல்லு. நான் ஹட் பேயப் பத்திச் சொல்றேன். ஓங்க அம்மாவையும் கூட்டிக்குவோம்.”

செந்தமிழன் உள்ளே பார்த்தான். அடுப்படியிலிருந்து இஞ்சி தட்டும் சத்தம் வந்தது. மடிக்கணினியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். டீசல் விரல்கள் தட்டின. விஜயகுமாரி அவன் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று, ஆசிரியைபோல வரிவரியாகப் படித்தாள்.

“வேலை செய்யும் இடம்? ஹட் பே. ஏரியாவை எடு. எடுத்தாச்சா? நாடு? இந்தியான்னு போடு, பயப்படாம போடு. வேலை? சரக்கு இறக்குதல். சம்பளம் கோட்டுக்கு மேலா கீழா? கீழ. இன்னும் கீழ. ஜாமீன்தாரருக்கு அனுப்பிய எச்சரிக்கை? வாபஸ். இப்ப அந்தப் பட்டனை அழுத்து ராஜா. அதுக்குப் பேருதான் ஷிப் பண்றது.”

புஷ்பாவின் போன் டிங் என்றது. அவள் படித்தாள். மறுபடி படித்தாள். பெரியதம்பியிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்து, தலையசைத்தார். அப்போது மணி ஐந்து ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். இருட்டிவிட்டது. தெருவில் கரண்ட் இன்னும் வரவில்லை.

புஷ்பா வாட்ஸப்பைத் திறந்தாள். தம்பியின் பெயரை எடுத்து, ‘பே கப்பலுக்கு டிக்கெட் போடறேன், ஜெட்டிக்கு வா’ என்று தட்டி அனுப்பினாள். ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக், வியாபாரி கடையின் வைஃபையைப் பொறுத்தது.

ஒச்சம்மா டீ கொண்டுவந்தாள். “என்ன, பேசி முடிச்சாச்சா? என் புள்ள கண்டிப்பா பேசுவானே தவிர தங்கம்.”

விஜயகுமாரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் அருமையான ஒன்று வந்து நின்றது. புஷ்பா அவள் கையை அழுத்தினாள். விஜயகுமாரி அதை டீயோடு விழுங்கிவிட்டாள். அவளுடைய தொழில் வாழ்க்கையில் வீணான மிகச் சிறந்த நக்கல் அது.

“ஆமாங்கம்மா, நல்ல புள்ள. எனக்கு ஒரு உதவி பண்ணுச்சு,” என்றாள் புஷ்பா.

அந்த அம்மாள் சந்தோஷமாக உள்ளே போனாள். பெரியதம்பி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அடுத்து எங்கேயோ அவசரமாகப் போகவேண்டியவர்போல கேட்டருகே போய் நின்றார். புஷ்பா மட்டும் வாசற்படியில், செந்தமிழனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“தம்பி, கோபத்துல கேக்கல. நெசமாத்தான் கேக்கறேன். சுரேன் ராப்பகலா கண்ணு முழிச்சுப் படிச்சான். மண்ட உள்ள பய. அங்க முட்டை தூக்கிக்கிட்டுக் கெடக்கான். இந்தப் படிப்புப் படிச்ச நம்ம தீவுப் புள்ளைங்கள்ல யாருக்காச்சும் அதுல வேலை கெடைச்சிருந்தாச் சொல்லு. போய்க் கூட்டியாந்து, மறுபடி அவன உக்கார வைக்கிறேன்.”

செந்தமிழன் டைல்ஸில் விழுந்திருந்த டீசல் சொட்டைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

தீவிலிருந்து கோட்மோட்சாவில் படித்தவர்களில் வேலை கிடைத்தது அவனுக்கு மட்டும்தான்.